நல்லா தூங்கினு கீறா, சிஸ்டர்

நான் பதினேழு வருஷம் வார்டு நர்ஸாக இருந்தவள். தாம்பரம் பக்கத்தில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு நடுத்தர மருத்துவமனை. அந்தப் பதினேழு வருஷத்தில் எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன் என்பதற்குக் கணக்கே கிடையாது. காலை ரவுண்ட்ஸில் டாக்டர் "வீட்டுக்குப் போலாம்" என்று சொன்ன நிமிஷத்திலிருந்து நோயாளி கட்டிலுக்கடியில் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார். ஆனால் இன்ஷூரன்ஸ் ஒப்புதல் வந்து, பில் முடிந்து, மாத்திரைப் பை மேலே வருவதற்குள் சாயங்காலம் ஐந்து மணி ஆகிவிடும். வீட்டார் களைத்துப் போயிருப்பார்கள். அடுத்த நோயாளி கீழே அதே கட்டிலுக்காகக் காத்திருப்பார். அந்த இடைவெளியில்தான் நான் மாத்திரைகளைப் பற்றிச் சொல்வேன். மூன்று நிமிஷம் இருக்கும். இது வெறும் வயிற்றில், இது ராத்திரிக்கு, இது ஐந்து நாளைக்கு மட்டும், புரிஞ்சுதா? புரிஞ்சுது சிஸ்டர். எல்லாருமே புரிந்தது என்றுதான் சொல்வார்கள். இல்லை என்று சொன்னால் இன்னும் ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிடுவோமோ என்கிற பயத்தில் அப்படிச் சொல்லியிருக்கலாம். அப்போது எனக்கு அது தோன்றியதில்லை.

பம்மலிலிருந்து வந்த அந்த அம்மாளுக்கு அறுபது வயதுக்குள்தான் இருக்கும். வீட்டு வாசலில் அடுப்பு போட்டு காலையில் ஆப்பமும் இடியாப்பமும் விற்பவர். நிமோனியா காய்ச்சலில் வந்து எட்டு நாள் எங்கள் வார்டில் இருந்தார். ஏற்கெனவே சர்க்கரை வியாதி. அவருடைய கணவர் தோல் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாக இருந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். எட்டு நாளும் கட்டில் பக்கத்திலிருந்த ஸ்டூலைவிட்டு அவர் எழுந்து நான் பார்த்தது குறைவு. ஒரே மகள், கல்யாணமாகி ஓசூரில் இருந்தாள். கைக்குழந்தையோடு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள்.

நான் அவரை அண்ணா என்றும் அந்த அம்மாளை அக்கா என்றும் கூப்பிட்டேன். டிஸ்சார்ஜ் அன்று அண்ணாவிடம் வழக்கம்போல எல்லாம் சொன்னேன். கடைசியாக, "சுகர் மாத்திரைய மட்டும் எதுக்காகவும் நிறுத்திடாதீங்கண்ணா. வீட்ல எப்படிக் குடுத்தீங்களோ அப்படியே குடுங்க" என்றேன்.

"வூட்ல எப்படியோ அப்படியே" என்று அவர் திருப்பிச் சொன்னார். நான் சந்தோஷப்பட்டேன். திருப்பிச் சொல்கிற அளவுக்குக் கவனமாகக் கேட்கிறாரே என்று நினைத்தேன்.

டிஸ்சார்ஜாகி மூன்றாவது நாள் ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபோன் போட வேண்டும் என்பது எங்கள் மருத்துவமனையில் அப்போதுதான் வந்த விதி. அன்று எனக்கு வார விடுமுறை. ஆனாலும் அந்த வாரப் பட்டியல் என்னிடம் இருந்ததால், குரோம்பேட்டையில் மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கப் போன இடத்தில், கடைக்காரர் அளவு தேடி உள்ளே போயிருந்த நேரத்தில் பம்மல் நம்பருக்குப் போட்டேன். காலை பத்தரை மணி இருக்கும். அண்ணாதான் எடுத்தார்.

"அக்கா எப்படி இருக்காங்க?"

"நல்லா தூங்கினு கீறா, சிஸ்டர். ஆஸ்பத்திரில எட்டு நாளா தூக்கமே இல்ல பாருங்க. இப்பதான் தூங்குறா."

"காய்ச்சல்?"

"சுத்தமா விட்டுப் போச்சு. காலைல வேர்த்து கொட்டிச்சு. ஜாக்கெட்டெல்லாம் நனஞ்சிபோச்சு. நான் தொடச்சி விட்டேன்."

நல்லது அண்ணா, ரெஸ்ட் எடுக்கட்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன். பட்டியலில் அவர் பெயருக்கு நேராக ஒரு டிக் அடித்தேன். கடைக்காரர் ஷூவோடு வந்தார். ஒன்றைக் கையில் எடுத்து அடிப்பாகத்தை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் சொன்னதில் ஏதோ இடிப்பது தெரிந்தது. காய்ச்சல் மருத்துவமனையிலேயே விட்டுப் போயிருந்தது. கடைசி மூன்று நாள் டெம்பரேச்சர் குறித்தவள் நான்தான். அப்படியானால் இன்றைக்குக் காலையில் ஏன் வேர்த்தது? விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து மாவு கரைத்தே பழகிப்போன அக்கா, பத்தரை மணிக்கு எதற்குத் தூங்குகிறார்? ரத்தத்தில் சர்க்கரை இறங்கினாலும் இப்படித்தான் வேர்க்கும், மயக்கம் வரும்.

மறுபடியும் ஃபோன் போட்டேன்.

"அண்ணா, காலைல அக்கா என்ன சாப்ட்டாங்க?"

"ஒண்ணும் எறங்கல சிஸ்டர். ரெண்டு வாய் கஞ்சி. மாத்திர மட்டும் கரெக்டா குடுத்துட்டேன்."

"அவங்கள எழுப்புங்க. எழுப்பி என்கிட்ட பேசச் சொல்லுங்க."

அவர் கூப்பிடுவது கேட்டது. ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு அவருடைய குரல் மாறியது. கடைசியில் அந்த அம்மாள் ஏதோ முனகினார். "அரிசி ஊற வெச்சியா" என்றது போல் இருந்தது. அவர் ஃபோனுக்குத் திரும்பி வந்து, "இன்னாவோ உளறுறா சிஸ்டர்" என்றார்.

நான் மெதுவாகத்தான் பேசினேன். அவசரத்தில் ஒரு வார்த்தைகூட மாறிப் போய்விடக் கூடாது என்று இருந்தது. "அண்ணா, அவங்கள சாய்ச்சு உக்கார வைங்க. ஒரு டம்ளர் தண்ணில நாலு ஸ்பூன் சக்கர போட்டுக் கலக்குங்க. ஒரு வாய் குடுத்துப் பாருங்க, முழுங்கறாங்களான்னு பாருங்க. முழுங்கினா மட்டும் மீதியக் குடுங்க. முழுங்கலைன்னா வாய்ல ஊத்தாதீங்க, பக்கத்துல யாரையாவது கூப்ட்டு உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. நான் இப்ப வரேன்."

"சக்கரையா? சுகருக்கு சக்கர குடுக்கலாமா?"

"இப்பக் குடுக்கணும். குடுங்கண்ணா."

அவர் ஃபோனை வைக்கவில்லை. எங்கேயோ அப்படியே வைத்துவிட்டார் போல. பாத்திரங்கள் உருள்வதும், ஸ்பூன் டம்ளரில் மோதுவதும், "குடி, குடிம்மா, இன்னும் ஒரு வாய்" என்று அவர் கெஞ்சுவதும் கேட்டது. பிறகு, "முழுங்குறா சிஸ்டர், முழுங்குறா" என்று தூரத்திலிருந்து கத்தினார். நான் ஷூவைக் கடையிலேயே விட்டுவிட்டு, அடுத்தாற்போல் இருந்த மருந்துக் கடையில் சர்க்கரை பார்க்கும் மெஷின் ஒன்றும் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்றும் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். பல்லாவரம் தாண்டிப் பம்மல் பிரதான சாலைக்குள் நுழைந்ததும் ஒரு தண்ணீர் லாரி பின்னால் மாட்டிக்கொண்டேன். முன்னால் போகவும் வழியில்லை, நிற்கவும் முடியவில்லை. அந்த ஐந்து நிமிஷத்தில், மூன்று நாள் முன்னால் நான் சொன்னதையெல்லாம் ஒவ்வொரு வாக்கியமாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எங்கே தவறியது என்று தெரியவில்லை.

ஒரு சந்துக்குள் வரிசையாக நான்கு வீடுகள். வாசலில் அணைந்து கிடந்த ஆப்ப அடுப்பை வைத்தே வீட்டைக் கண்டுபிடித்தேன். அந்த அம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறி, நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. விரல் நுனியில் குத்தி மெஷினில் வைத்தேன். ஐம்பத்திரண்டு, எழுபதுக்குக் கீழே இறங்கவே கூடாது. அதுவும் சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போன பிறகு. குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்தேன். கால் மணி நேரம் கழித்து எழுபத்தொன்று. கண் தெளிந்தது. என்னைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"இவுங்க எதுக்கு வந்துகீறாங்க? மறுபடியும் அங்க இட்டுகினு போறதுக்கா? நான் வரமாட்டேன்."

அந்தக் கோபத்தைக் கேட்டதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லி முடியாது. அரிசி ஊற வைப்பதைப் பற்றி உளறிய குரல் அது இல்லை. எட்டு நாளும் எங்கள் வார்டுச் சாம்பாரைத் திட்டிக்கொண்டிருந்த அதே குரல்.

"அண்ணா, மாத்திரையெல்லாம் எடுத்துட்டு வாங்க" என்றேன்.

அவர் இரண்டு கொண்டு வந்தார். ஒன்று, நாங்கள் கொடுத்த மருந்துப் பை. அதிலிருந்த ஒவ்வோர் அட்டைமேலும் பால்பாயிண்ட் பேனாவால் சின்னதாகச் சூரியன், பாதிச் சூரியன், நிலா என்று வரைந்திருந்தார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, அதனால் அப்படிச் செய்தேன் என்றார். அந்தப் படங்களில் ஒன்றுகூடத் தப்பில்லை. இன்னொன்று பழைய பிஸ்கெட் டப்பா. அதற்குள் மருத்துவமனைக்கு வருவதற்கு முன்னால் அவர்கள் வாங்கிய சர்க்கரை மாத்திரை அட்டைகள் இருந்தன. அவற்றிலும் சூரியன், நிலா.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பழைய அட்டையில் இருந்ததும் புது அட்டையில் இருந்ததும் ஒரே மருந்து. கம்பெனி வேறு, பெயர் வேறு, பழையது பச்சை, புதியது வெள்ளை. எங்கள் மருந்தகத்தில் அவர்கள் வழக்கமாக வாங்குகிற கம்பெனி இல்லாததால் வேறு கம்பெனியில் கொடுத்திருந்தார்கள். அவர் பச்சையையும் கொடுத்தார், வெள்ளையையும் கொடுத்தார். இரண்டு மடங்கு மாத்திரை, உள்ளே போனதோ இரண்டு வாய்க் கஞ்சி.

"ரெண்டுமா குடுத்தீங்க?"

"ஆமா. நீங்கதான சிஸ்டர் சொன்னீங்க, வூட்டு மாத்திரைய நிறுத்தக் கூடாது, அப்படியே குடுக்கணும்னு."

அவர் குற்றம் சாட்டவில்லை. சொன்னதைச் சரியாகச் செய்தேனா என்று கேட்பது போலத்தான் கேட்டார். கையில் பிஸ்கெட் டப்பாவை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஒரு கணத்தில் எனக்குப் பல பதில்கள் வந்தன. பேப்பரில் தெளிவாக எழுதியிருக்கிறதே என்று சொல்லலாம். யாரிடமாவது காட்டிக் கேட்டிருக்கலாமே என்று சொல்லலாம். இரண்டும் உண்மைதான். இரண்டையும் சொல்ல வாய் வரவில்லை.

"ரெண்டும் ஒரே மருந்துண்ணா. ஒண்ணு குடுத்தா போதும். அத நான் உங்களுக்குச் சொல்லல."

அவர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். அந்தச் சின்ன அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ நான்தான் அவள இப்படிப் பண்ணிட்டேனா?"

"நீங்க பண்ணல. நான் சொன்ன மாதிரிதான் நீங்க குடுத்தீங்க. நான் சொன்னதுதான் தப்பு."

எங்கள் தொழிலில் அந்த வாக்கியம் சுலபமாக வருவதில்லை. சொன்னால் எழுதி வாங்குவார்கள், விசாரணை வரும் என்றுதான் பழக்கியிருக்கிறார்கள். எனக்கும் பயம் இருந்தது. ஆனால் அந்த மனிதர், தான் மனைவியைக் கொல்லப் பார்த்தோம் என்கிற நினைப்போடு அந்த வீட்டில் இன்னும் எத்தனை வருஷம் வாழ்வார் என்று யோசித்தபோது, அந்தப் பயம் சின்னதாகிவிட்டது. அவர் மேல்துண்டை எடுத்து முகத்தை ஒரு முறை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

டாக்டருக்கு ஃபோன் போட்டு நடந்ததை அப்படியே சொன்னேன். அவர், இந்த மாத்திரையின் வேகம் சாயங்காலம் வரைக்கும் இருக்கும், மறுபடியும் இறங்கலாம், கூட்டிக்கொண்டு வருவதுதான் நல்லது என்றார். அந்த அம்மாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றார். கடைசியில், நீங்கள் அங்கேயே இருந்து மணிக்கு ஒரு தரம் பாருங்கள், அறுபதுக்குக் கீழே போனால் யோசிக்காமல் கொண்டு வாருங்கள் என்று டாக்டர் ஒத்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டில் பல்லாவரத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருவர் இருந்தார். விஷயம் தெரிந்ததும் வண்டியைச் சந்து முனையில் திருப்பி நிறுத்தினார்.

"நான் இன்னிக்கு ட்ரிப்பு போகல சிஸ்டர். இங்கியேதான் நிக்கிறேன். ஒரு வார்த்த சொல்லுங்க, பத்து நிமிஷத்துல கொண்டாந்து விட்டுர்றேன்."

அப்படியாக அன்றைக்கு முழுவதும் நான் அந்த வீட்டில் இருந்தேன். நோயாளியின் வீட்டில் ஒரு பகல் முழுவதும் இருந்தது அதுதான் முதல் தடவை. வார்டில் எல்லாம் எங்கள் இடம். கட்டிலை உயர்த்தலாம், மணி அடித்தால் ஆள் வரும். இங்கே ஒரே அறை, ஒரே மின்விசிறி. கழிப்பறை வெளியே, மூன்று படி இறங்கிப் போக வேண்டும். அந்தப் படிகளுக்குக் கைப்பிடி கிடையாது. எட்டு நாள் படுத்துக் கிடந்த கால்களோடு அந்த அம்மாள் மூன்று நாளாக அந்தப் படிகளில்தான் இறங்கி ஏறியிருக்கிறார், அண்ணாவின் தோளைப் பிடித்துக்கொண்டு. "மெதுவாக நடங்கள்" என்று மட்டும் நான் சொல்லி அனுப்பியிருந்தேன்.

பன்னிரண்டு மணிக்குத் தொண்ணூற்றாறு. அண்ணா குழைய வடித்த சோறும் பருப்பும் கொண்டு வந்தார். நானே ஊட்டினேன். பாதித் தட்டுதான் உள்ளே போனது. ஒரு மணிக்கு எண்பத்தெட்டு. இரண்டு மணிக்குப் பார்த்தபோது அறுபத்து நான்கு.

ஆட்டோக்காரர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் குளுக்கோஸ் கொடுத்தேன், பிறகு இரண்டு வாழைப்பழம். அந்த அம்மாளுக்கும் பயம் வந்துவிட்டது. வரமாட்டேன் என்று சொன்னவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போவணும்னா போலாம் சிஸ்டர், நான் ஒண்ணும் சொல்லல" என்றார். இருபது நிமிஷம் கழித்து மறுபடி குத்தினேன். மெஷினில் எண் வர ஐந்து விநாடி ஆகும். அந்த ஐந்து விநாடியும் அண்ணா கண்ணை மூடிக்கொண்டார்.

"நூத்திப் பத்து" என்றேன்.

அவர் கண்ணைத் திறக்காமலேயே தலையை ஆட்டினார். ஆட்டோக்காரர் வெளியே போய், சந்து முழுவதற்கும் கேட்கும்படி யாரிடமோ, "நூத்திப் பத்தாம்" என்று சொன்னார்.

அதற்குப் பிறகு எண் இறங்கவில்லை. மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் பார்த்தேன். ஐந்து மணிக்கு நூற்று முப்பதைத் தாண்டியது. அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்து தலையை வாரிப் பின்னச் சொன்னார். அண்ணா சீப்பை எடுத்து வந்து வாரினார். பின்னத் தெரியவில்லை. முடியை மூன்றாகப் பிரித்துவிட்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா திட்டிக்கொண்டே தானே பின்னிக்கொண்டார். நான் வாசற்படியில் உட்கார்ந்து அண்ணா கொடுத்த டீயைக் குடித்தேன். காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கிளம்புவதற்கு முன்னால் மெஷினை அண்ணாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். தோல் தொட்டிகளில் ஊறித் தடித்த விரல்கள். அந்தச் சின்னப் பட்டையை நுழைக்க நான்கு தடவை தடுமாறினார். நான் செய்து காட்டுவதை நிறுத்திவிட்டு, "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க, நான் செய்யறேன்" என்றேன். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். கையைக் கழுவணும், பட்டைய சொருவணும், விரல் பக்கவாட்டுல குத்தணும், நடுவுல குத்தக் கூடாது. பிறகு மாத்திரைகளையும் அப்படியே சொல்லச் சொன்னேன். பச்சை அட்டைகளை ஒரு கவரில் போட்டு ஒட்டி, நானே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு என் ஃபோன் அடித்தது. எதிர்முனையில் ஹலோ எதுவும் இல்லை. "நூத்தி இருவத்தி எட்டு" என்று மட்டும் அண்ணா சொன்னார். ஒரு வாரம் தினமும் காலையில் அப்படி ஓர் எண் வந்தது. என் கணவர் முதல் இரண்டு நாள், யார் இது, பரீட்சை மார்க்கா என்று கேட்டார். பிறகு அவரும் எண்ணுக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டார்.

மருத்துவமனையில் நடந்ததை நான் மறைக்கவில்லை. எங்கள் தலைமை சிஸ்டரிடம் எழுதியே கொடுத்தேன். நினைத்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "நானும் இப்படித்தான் சொல்லிட்டிருக்கேன்" என்றார். கொஞ்ச நாளில், வீட்டிலிருக்கும் பழைய மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு டிஸ்சார்ஜ் அன்று கொண்டு வரச் சொல்வது வழக்கமானது. அந்த மாதக் கடைசியிலேயே, வீட்டுக்குப் போனவர்களை நேரில் போய்ப் பார்க்க ஒரு நர்ஸை அனுப்பலாம் என்று முடிவானபோது, நான் கையைத் தூக்கினேன். இப்போது அதுதான் என் வேலை. மேடவாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், பம்மல் என்று ஸ்கூட்டரில் சுற்றுகிறேன். வீட்டுக்குள் போனதும் முதலில் படிகளைப் பார்க்கிறேன். பிறகு மாத்திரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்கிறேன். புரிஞ்சுதா என்று கேட்பதை விட்டுவிட்டேன். நீங்க சொல்லுங்க, நான் கேக்கறேன் என்கிறேன். சிலருக்குக் கோபம்கூட வருகிறது.

பம்மலுக்கு அப்புறமும் போய்க்கொண்டிருந்தேன். படிக்கட்டுக்கு ஆட்டோக்காரரும் அண்ணாவும் சேர்ந்து ஒரு இரும்புக் குழாயைக் கைப்பிடியாகப் பதித்திருந்தார்கள். அக்கா முதலில் அதைப் பிடித்து நடந்தார், பிறகு அதில் துணி காயப்போட ஆரம்பித்தார். ஆறாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, சொல்லாமல் போனேன். கதவு பூட்டியிருந்தது. அந்தப் பூட்டைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆட்டோவும் இல்லை. பக்கத்து வீடுகளிலும் ஆளைக் காணோம். அண்ணாவுக்கு ஃபோன் போட்டேன். நீண்ட நேரம் அடித்தது. எடுத்தபோது பின்னால் ஒரே கூச்சல்.

"அண்ணா, எங்க இருக்கீங்க? அக்காவுக்கு என்ன?"

"அவளுக்கு இன்னா சிஸ்டர், நல்லாதான் கீறா. பல்லாவரம் சந்தைல கீறோம். காலைலருந்து ஆப்பச் சட்டி பாக்குறேன்னு ஒவ்வொரு கடையா இழுத்துகினு சுத்துறா. எனக்குதான் கால் வலிக்குது."

பக்கத்தில் அக்கா யாரிடமோ விலை பேசிக்கொண்டிருப்பது கேட்டது. பிறகு ஃபோனை அவரிடமிருந்து பிடுங்கி, "சிஸ்டர், திங்கக்கெழம வாங்க. அடுப்பு பத்த வெக்கிறேன். சாப்புடாம வாங்க" என்றார்.

அந்தச் சந்தில் நிழல் இருந்தது. நான் ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்து பையிலிருந்த தண்ணீரைக் குடித்தேன். என் நோட்டில் அன்றைய தேதியை எழுதி, அதற்கு நேராக, நோயாளி வீட்டில் இல்லை, சந்தைக்குப் போயிருக்கிறார் என்று எழுதினேன். எழுதிவிட்டு அதை ஒரு தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன். பிறகு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினேன்.